அலமாரிச் சாவி

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. மென்பொருள் என்றால் எங்களுக்கு அந்த அலமாரிதான். டாஸ் பூட் ஃப்ளாப்பி, டர்போ சி ஃப்ளாப்பிகள், பிளாஸ்டிக் உறை போட்ட கையேடுகள் எல்லாம் அதற்குள். சாவி ஆய்வக உதவியாளர் அண்ணனிடம். 1990களின் பிற்பாதி அது. அருப்புக்கோட்டையிலிருந்தும், திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்த நாங்கள், கரிசல் புழுதி ஏறிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால் துடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு கணினிக்கு மூன்று பேர். கரண்ட் போனால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

நேரம் அத்தனை குறைவு என்பதால் நிரலை முதலில் தாளில் எழுதுவோம். மாலையில் பஸ் ஸ்டாண்டில் திருச்சுழிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒருவன் எழுதியதை அடுத்தவன் வாங்கி வாசிப்பான். “மாப்ள, இந்த லூப் விடிய விடிய ஓடும்டா. ஐ-யக் கூட்டவே இல்ல பாரு” என்பான். எழுதியவன் பேனாவை எடுத்துத் திருத்துவான். அரைப்புள்ளி விட்ட இடம், அடைப்புக்குறி மூடாத இடம் எல்லாம் பஸ் வருவதற்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிடும். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் குறை சொன்ன பிறகே சேர்த்துக்கொள்வது இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் கட்டாயம். கோட் ரிவ்யூ என்கிறார்கள். எங்களுக்கு அதைப் பற்றாக்குறை பழக்கியது.

கூடப் படித்தவர்களில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் தங்கிப் படித்த நாட்களில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தெரு நீளத்துக்கு நூலை விரித்து, இரு முனையும் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறி நூல் விறைப்பதற்குள் இழையோடு இழை ஒட்டாமல் நீவிவிட வேண்டும். ஒரு வீட்டாரால் ஆகிற காரியமில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வருவார், எதிர்வீட்டு மதினி வருவார், பள்ளிக்கூடம் போகிற பையன்கூட அறுந்த இழையைப் பிணைத்துவிட்டுத்தான் போவான். இன்றைக்கு இவர்கள் பாவு, நாளைக்கு அவர்கள் பாவு. இதற்குக் கூலிக் கணக்கு கிடையாது. ஆனால் கூப்பிட்டு வராதவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். முகம் தெரியாத ஆயிரம் பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து ஒரு மென்பொருளைக் கட்டுவது எப்படிச் சாத்தியம் என்று பின்னாளில் பலர் வியந்து கேட்டபோது எனக்கு அதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. அந்தத் தெருவைப் பார்த்தவன் நான்.

அலமாரி பூட்டியிருந்தாலும் அதிலிருந்தது எப்படியோ வெளியேயும் கிடைக்கும். மதுரைக்குப் போய் வருகிற யாராவது கொண்டுவருவார்கள். ஃப்ளாப்பிக்கு ஃப்ளாப்பி நகல் ஓடும். அது அனுமதியில்லாத நகல் என்பதையோ, அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பதையோ எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாடத்திட்டத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. மென்பொருளுக்கு ஓர் உரிமம் உண்டு, அதை வாசிக்க வேண்டும் என்பது முதன்முதலாகத் தெரியவந்தது ஒரு குறுந்தகட்டால்தான். பிசி குவெஸ்ட் இதழ் அந்த ஆண்டுகளில் லினக்ஸைக் குறுந்தகட்டில் போட்டு இதழோடு கொடுத்துவந்தது. சீனியர் ஒருவர் மதுரையிலிருந்து அதை வாங்கிவந்தார். உள்ளே ஜிபிஎல் என்ற உரிமம் இருந்தது. விருப்பம்போல் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். பிறருக்கு நகல் தரலாம், மாற்றியதையும் தரலாம். தரும்போது வாங்குகிறவருக்கும் இதே உரிமைகளைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம்.

“அண்ணே, இதக் காப்பி பண்ணலாமாண்ணே?” என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டோம். அவர் ஆங்கில எழுத்தை விரல் வைத்து நிதானமாக வாசித்துவிட்டு, “பண்ணச் சொல்லித்தானப்பா போட்டிருக்கான்” என்றார். அன்று அலமாரிக்குள் போகாமல் மேசைமேலேயே இருந்த முதல் மென்பொருள் அதுதான்.

அதை நிறுவுவது லேசாக இருக்கவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை வரி வந்துவிடும், படத்திரை வராது. திரையின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்களை ஒரு கோப்பில் நாமே எழுத வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் மானிட்டரே கெட்டுப்போகும் என்று கையேடு எச்சரித்தது. மானிட்டரைத் திருப்பி, பின்பக்கச் சீட்டில் இருந்த மாடல் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டோம். விருதுநகரில் படித்துக்கொண்டிருந்த ஒருவனிடம் அதே மாடல் இருப்பது தெரிந்து, அவனுடைய கோப்பை ஃப்ளாப்பியில் வாங்கிவந்தோம். படத்திரை வந்தது. அந்தக் கோப்பு அதன்பின் எத்தனை கை மாறியதோ. வாங்கிப் போனவர்களில் ஒருவர் அதற்குள் குறிப்பு வரிகளாக, எந்த எண் எந்த மானிட்டருக்கு என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேர்த்திருந்தார். அது எங்களுக்கே திரும்பி வந்து சேர்ந்தபோது நாங்கள் கொடுத்ததைவிட நல்ல கோப்பாக இருந்தது.

நிரலைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பண்பாடு பிறந்த இடமே பல்கலைக்கழகம்தான். இன்று ஆசிரியராக என் மாணவர்களிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறி கொடுத்தது. அடிக்கடி தாள் சிக்கும். பழைய பொறியில் அப்படிச் சிக்கினால் அச்சுக்குக் கொடுத்தவர்களின் திரையில் செய்தி வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய மூல நிரல் கையில் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரருக்கு அறிவைத் தர முடியாமல் போன அந்த அனுபவம் ஸ்டால்மனை விடவில்லை. 1983 செப்டம்பரில், யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அவர் அறிவித்தார். 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அதுதான் லினக்ஸ். அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. எங்கள் மூன்றாமாண்டு மாணவர்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூடுதல்.

தமிழிலும் அந்தக் காலத்திலேயே இப்படிக் கூடி இழுத்த தேர்கள் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை பார்த்தார்கள். அரசும் பின்னால் வந்தது. 2005-இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. அதன் வழியே பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் 2007-இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஓப்பன் சோர்ஸ் ஒரு பாடமாகவே நுழைந்தது. ஆய்வகப் பயிற்சியில் லினக்ஸின் உட்கருவான கெர்னலைத் தொகுத்து நிறுவச் சொன்னார்கள். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நாங்கள் டார்ச் அடித்துத் தேடியது, வைகையில் வெள்ளம் வந்த மாதிரி வீடு தேடி வந்தது.

நான் இப்போது இதே வானம் பார்த்த பூமியில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். அலமாரி இல்லை, பூட்டும் இல்லை. குண்டாற்றங்கரைக் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளையின் கையிலும் செல்போன் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள்களின் மூல நிரலெல்லாம் அதிலேயே கிடைக்கும். ஆண்டுக்கொரு நாள் ஓப்பன் சோர்ஸ் தினம் என்று ஃபிளக்ஸ் கட்டுகிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அடுத்தவன் நிரலை வாங்கி வாசிக்கிற பழக்கம் போய்விட்டது. எல்லாம் திறந்து கிடக்கிற காலத்தில் பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கடைசி ஆண்டு புராஜெக்ட்டைப் பாருங்கள். அன்று கறுப்பு ரெக்ஸினில் பைண்டு பண்ணித் துறை அலமாரியில் வைத்தோம். அடுத்த ஆண்டு மாணவர் அதைத் தொட மாட்டார். தொட்டால் காப்பி அடித்தவர் என்று பெயர் வரும். இன்று புராஜெக்ட்டைப் பணம் கொடுத்து ஆயத்தமாக வாங்க முடிகிறது. சொந்தமாகச் செய்கிறவர் நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுகிறார், ஆனால் உரிமக் கோப்பு வைப்பதில்லை. உரிமம் எழுதாத நிரல் ஊர் பார்க்கத் திறந்து கிடந்தாலும் சட்டப்படி எழுதியவருக்கே உரியது. அடுத்தவர் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதியில்லை. ஒரே ஒரு கோப்பைச் சேர்த்தால் தீர்கிற குறை இது. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வகுப்பு நேரம் போதும்.

அதைவிடப் பெரிய குறை, வேலையை எண்ணிக்கையால் அளப்பது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு மாற்றங்களை அனுப்பினால் டி-சட்டை பரிசு என்றார்கள். பரிசுக்காகப் பலர் விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் கூட்டி ஆயிரக்கணக்கில் அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பியவர்களில் இந்திய மாணவர்கள் நிறைய. திட்டங்களைப் பராமரிப்பவர்கள் திணறிப்போய்க் குரல் கொடுக்க, சில நாட்களிலேயே விதியை மாற்றி, சம்மதம் சொன்ன திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற வலைச் சட்டகத்துக்கும் இதே கதி. ஒரு காணொளிப் பாடத்தில் எடுத்துக்காட்டுக்கு அதைக் காட்டினார்கள். பார்த்த பிள்ளைகள் அந்தத் திட்டத்தின் விளக்கக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உலகம் முழுக்க நம் மாணவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு வலித்தது. பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. எதை எண்ணி மார்க் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள். வகுப்பில் இப்படிப் பங்களிப்பதைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “சார், இதுக்கு சர்டிபிகேட் உண்டா?” அவள் அம்மா விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போகிறவர், அப்பா கரிமூட்டம் போடுகிறவர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் அவளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். உண்டு என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளுக்குப் பின்னால் உண்மையான வேலை ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

உண்மையான வேலை என்று எதைக் கொடுப்பது? கெர்னலைத் திருத்து என்று இரண்டாமாண்டுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த, சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குத் தெரியாத ஒன்று வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று ஊருக்கு ஊர் கிடக்கிறது. கண்மாய்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக வரைபடம். யாரும் வரையலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று தன்னார்வலர்களும் மக்களும் குறித்துக் காட்டியது இந்த வரைபடத்தின் மேல்தான். அதில் திருச்சுழிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நான் பார்த்த காலத்தில் சாலை இருந்தது, ரயில் பாதை இருந்தது. கண்மாய்களில் பல இல்லை. சில இடங்களில் கண்மாயின் உள்வாய் முழுவதும் புதர்க்காடு என்று குறிக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் சீமைக் கருவேலம் பச்சையாகத் தெரிகிறது. தொலைவிலிருந்து வரைபவருக்கு அதன் அடியில் கண்மாய் இருப்பது எப்படித் தெரியும்?

மேலே சொன்ன அந்த மாணவிதான் தன் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொண்டாள். படத்தில் பனை வரிசையை வைத்துக் கரையைக் கண்டுபிடித்து ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் மவுஸை விட்டுவிட்டுக் கேட்டாள்: “சார், வருசத்துல ரெண்டு மூணு மாசந்தான் தண்ணி கெடக்கும். இத நீலமாப் போட்டா பொய்யில்லையா?” வகுப்பே அன்று அதைப் பற்றித்தான் விவாதித்தது. தண்ணீர் இருக்கும்போது மட்டும் கண்மாயா, இல்லாதபோதும் கண்மாயா? நீர் வந்து போகிற நிலைகளுக்கென்று அந்த வரைபடத்தில் தனிக் குறி இருப்பதை ஒரு பையன் தேடி எடுத்தான். திரையில் நீலம் கோடு கோடாக மாறியது. இதைக் காட்டிலும் நல்ல தரவு மாதிரியாக்க வகுப்பை என் பணிக்காலத்தில் நான் நடத்தியதில்லை.

வரைந்ததைத் தாளில் அச்சிட்டு ஊருக்கே போனோம். அவளுடைய தாத்தா கரையில் நின்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடக்கு எது என்று பிடிபட்டதும் விரலை வைத்தார்.

“ஏ தாயி, நீ போட்டிருக்கது உள்வாய்ல பாதிதான். அந்தா கருவேலம் மூடிக் கெடக்கே, அதுவுங் கண்மாய்தான். மடை ரெண்டா போட்டிருக்க? மூணு.”

“மூணாவது எங்க தாத்தா? படத்துல தெரியலயே.”

“மண்ணு மூடிருச்சு. தெரியலன்னா இல்லாமப் போயிருமா? வா காட்டுறேன்.”

முள்ளை விலக்கிக்கொண்டு போய்க் காட்டினார். கல்லில் செதுக்கிய மடையின் மேல் விளிம்பு மட்டும் மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரிந்தது. செல்போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்தோம். வரத்துக்கால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிறைந்தால் கலுங்கு வழியாகத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும் என்றும் அவர் சொல்லச் சொல்ல அவள் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தாள். மாலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, நேரில் போய்ப் பார்த்தது, ஊர்ப் பெரியவர் காட்டியது என்று குறிப்பு எழுதினாள். முன்பு புதர்க்காடு என்று வரைந்தவர் வேறு ஏதோ நாட்டுக்காரர். மாற்றிய காரணத்தைச் சொல்லி அவருக்கும் எழுதினாள். இரண்டொரு நாளில் அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதி, சுற்றுவட்டாரத்தில் தாம் அப்படிக் குறித்த வேறு இடங்களின் பட்டியலையும் அனுப்பி, அவற்றையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அவள் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். சர்டிபிகேட் பற்றி அன்று பேச்சே வரவில்லை.

இந்த வரைபடம் பட்டா ஆவணமல்ல. ஆக்கிரமிப்பு வழக்கில் இதைக் காட்டி வாதாட முடியாது. அதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஆனால் தூர்வாரப் போகிறவர்களோ, மழைநீர் ஓட்டத்தை ஆராய்கிறவர்களோ தேடும்போது அந்த மூன்றாவது மடை அங்கே இருக்கும். இன்னொருவர் வந்து திருத்தலாம் என்ற உரிமையோடு இருக்கும்.

சிறிய ஊர் என்பது இதற்குத் தடையே இல்லை. இன்று நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் ஓடுகிற கோஹா மென்பொருள் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற ஊர்ப்புறத்து நூலகங்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தபோது புதிதாக எழுதச் சொல்லி, அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் ஜிபிஎல்லில் உலகத்துக்கே கொடுத்தார்கள். மொழியும் முன்போல் தடையில்லை. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012-இல் தொடங்கிய கணியம் இதழில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை லினக்ஸையும் மைஎஸ்கியூஎல்லையும் எளிய தமிழில் படித்துவிட முடிகிறது. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தை வைத்து, பழைய எழுத்துருக்களில் அடித்து வீணாகக் கிடக்கும் தமிழ்ப் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றலாம். எங்கள் மாணவர்கள் இருவர் இப்போது ஒரு நூலகப் பட்டியலை அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் துறைக் கூட்டத்தில் நான் கேட்பது இதுதான். ஃபிளக்ஸுக்குச் செலவழிப்பதை நிறுத்தி, அந்தப் பணத்தில் மாணவர்களைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போக ஒரு வேன் வையுங்கள். புராஜெக்ட்டில் முன்னாண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதைக் காப்பி என்று தள்ளாமல், தொடர்ந்ததற்கு மார்க் கொடுங்கள். எத்தனை மாற்றம் அனுப்பினார் என்று எண்ணாமல், அனுப்பியதில் ஒன்றை எடுத்து, அதற்கு வந்த மறுப்பையும் பதிலையும் வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். சென்ற கூட்டத்தில் வேனுக்கு ஒப்புக்கொண்டார்கள். மற்ற இரண்டையும் மதிப்பீட்டு விதிகளைக் காட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு, அந்த விதிகளில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று மாணவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரைவைத் துறையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். மூத்த பேராசிரியர் ஒருவர் மூன்றாவது பத்தியில் ஏற்கெனவே திருத்தம் போட்டிருக்கிறார்.